கழுவுமிடத்தில் கற்ற விருந்துமுறை

மேலாளர் தம் அறைக்கு அழைத்து நாற்காலியில் உட்காரச் சொன்னபோதே, ஏதோ வில்லங்கம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்தத் தையல் ஆலையில் பெண்களை நிற்கவைத்துப் பேசுவதுதான் வழக்கம். உட்காரவைத்துப் பேசினால் அவர்களால் ஏதோ காரியம் ஆகவேண்டியிருக்கிறது என்று பொருள்.

"அடுத்த வாரம் துணி வாங்கறவங்க வர்றாங்க. மூணு தேசத்துக்காரங்க. மதிய விருந்துல தொழிலாளி ஒருத்தரும் கூட உட்காரணும்னு அவங்களே கேட்டிருக்காங்க. சங்கத் தலைவிங்கறதால உங்களைத்தான் உட்கார வைக்கணும்," என்றார் மேலாளர், கசப்பு மருந்து குடித்தவரைப் போல. "கத்தி, முள்கரண்டி எல்லாம் இருக்கும். சாப்பிடத் தெரியுமில்ல?"

"சாப்பிடத் தெரியும் சார். உட்கார்ந்து சாப்பிட எடந்தான் இல்ல."

"இந்த வாய்தான் வேண்டாங்கறேன். கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க, கேக்காததைச் சொல்லாதீங்க. ஆலையோட மானம் உங்க கையில இருக்கு."

ஆலையின் மானம்! துணியை வெட்ட அந்த ஆலையில் மேசை உண்டு. வெட்டிய துணியைத் தைக்க மேசை உண்டு. தைத்த சட்டையை மடிக்கவும், மடித்த சட்டையை அடுக்கவும் நீள நீளமாக மேசைகள் உண்டு. அந்தச் சட்டையைத் தைத்தவள் ஒரு வாய் உண்ண மட்டும் மேசை இல்லை. மணி அடித்ததும் இரண்டு எந்திரங்களுக்கு நடுவே குந்தி, மடியில் டப்பாவைத் திறந்து, மென்றும் மெல்லாமலும் விழுங்கிவிட்டு எழவேண்டும். துணிக்கு மேசை, துணி தைப்பவளுக்கு மடி. எவன் வகுத்த நீதி இது? உண்பதற்கு ஓர் அறை வேண்டும் என்று சங்கம் மனு மேல் மனுவாகக் கொடுத்துப் பார்த்தது. ஒவ்வொரு முறையும் வந்த விடை ஒன்றே: பார்க்கலாம்.

அவளைத் தோழிகள் ஊசியக்கா என்பார்கள். குத்துவாள், ஆனால் தைப்பதற்காகவே குத்துவாள். விருந்துச் செய்தியை அவள் ஆலை வாசலில் சொன்னதும் அங்கேயே சங்கம் கூடிவிட்டது.

"அக்கா, அந்த மேசையில வச்சே கேட்டுடு. வெளிநாட்டுக்காரங்க காதுல விழட்டும். அப்ப 'பார்க்கலாம்'னு சொல்றாரான்னு பார்க்கலாம்," என்றாள் பொத்தான் தைக்கும் பிரிவுக்காரி.

வெட்டும் பிரிவுக்காரிக்கு அவ்வளவு துணிச்சல் வரவில்லை. "கேக்கறதுக்கு முன்னாடியே அக்கா கரண்டியைக் கீழே போட்டுட்டாங்கன்னா? மேசையில உட்காரத் தெரியாதவளுக்கு மேசை ஒரு கேடான்னு நம்மையே திருப்பிக் கேப்பாங்க. அதோட நம்ம மனு ஊத்தி மூடிடும்."

அவள் சொன்னது உண்மை. உரிமையை மறுப்பவனுக்குக் காரணம் பெரிதாகத் தேவையில்லை. கைதவறிய கரண்டி ஒன்று போதும்.

"பயப்படாதீங்கடி. என் வீட்டுலயே வாத்தியார் இருக்காரு," என்றாள் ஊசியக்கா.

வாத்தியார் என்று அவள் சொன்னது தன் கொழுந்தனை. நகரின் பெரிய விடுதி ஒன்றில் அவன் பாத்திரம் கழுவுகிறான். உலகத்தில் எத்தனை நாடுகள் உண்டோ அத்தனை நாட்டாரும் தின்ற தட்டுகள் தன் கையைத் தாண்டித்தான் சுத்தமாகின்றன என்பது அவன் பெருமை. வீட்டில் அவனுக்குச் செல்லப்பெயரே 'தட்டு'.

அன்று மாலையே பாடம் தொடங்கியது. உண்ணும் மேசை அந்த வீட்டிலும் இல்லை. இரண்டு முக்காலிகளின் மேல் கதவுப்பலகை ஒன்றைக் கிடத்தி, அதன்மேல் வெள்ளைப் படுக்கைவிரிப்பைப் போட்டார்கள். பாத்திரக் கடையில் வாங்கிய முள்கரண்டி ஒன்று, காய் நறுக்கும் கத்தி ஒன்று, தட்டில் வேகவைத்த உருளைக்கிழங்கு. வண்டி ஓட்டிக் களைத்துவந்த கணவன் சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்த்தான். மாமியார் நீதிபதியைப் போல நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, ஒரு தட்டைப் பாத்தா போதும், தின்னது எந்த ஊர் ஆளுன்னு நான் சொல்லிடுவேன்," என்று கொழுந்தன் தொண்டையைச் செருமினான். "குச்சியால சாப்பிடறவங்க இருக்காங்கல்ல, அவங்க குச்சியைச் சோத்துல நட்டு வைக்கவே மாட்டாங்க. செத்தவங்களுக்குப் படைக்கறது அப்படியாம். கிண்ணத்துக்குப் பக்கத்துல ஒழுங்கா படுக்க வச்சிருப்பாங்க. இன்னும் சிலபேர் தட்டுல ஒரு வாய் மிச்சம் வைப்பாங்க. வயிறு நெறைஞ்சுதுன்னு அர்த்தம்."

"மிச்சம் வச்சா உங்க அம்மா என்னை வீட்டை விட்டே துரத்திடுவாங்களே," என்றாள் ஊசியக்கா.

"துரத்தத்தான் செய்வேன்," என்றாள் மாமியார்.

"கடலோரத்து ஆளுங்கள்ல சிலபேர், மீனு ஒரு பக்கம் தின்னு முடிச்சதும் புரட்டிப் போட மாட்டாங்க. முள்ளை அப்படியே தூக்கி எடுத்துட்டு அடிப்பக்கத்தைத் தின்பாங்க. மீனைப் புரட்டினா படகு கவுந்துடும்னு நம்பிக்கை."

"அட! மீனுக்குள்ள இவ்வளவு இருக்கா," என்றான் கணவன். "நான் இத்தனை நாளா எத்தனை படகைக் கவுத்தேனோ!"

"நீங்க ஒரு துறைமுகத்தையே கவுத்திருப்பீங்க. குறுக்க பேசாதீங்க," என்ற ஊசியக்கா கொழுந்தனிடம் திரும்பினாள். "தம்பி, எனக்கு முக்கியமான சந்தேகம். நான் அங்க போறது தின்ன இல்ல, பேச. பேசும்போது இந்தக் கத்தியையும் முள்ளையும் என்ன பண்றது?"

"கையில வச்சு ஆட்டிக்கிட்டுப் பேசக் கூடாது. தட்டுல வச்சுடணும்."

"எப்படி வைக்கணும்?"

கொழுந்தன் கண்ணை மூடி நினைத்துப் பார்த்தான். அவன் கைக்கு வந்த நல்ல தட்டுகள் எல்லாம் ஒரேமாதிரிதான் இருந்தன. "ரெண்டையும் ஒண்ணா, தோளோட தோள் சேர்த்து, தட்டு நடுவுல படுக்க வைக்கணும். தாறுமாறா கெடந்தா ஒழுங்கு தெரியாத ஆளுன்னு அர்த்தம்."

அவள் கற்றாள். நன்றாகவே கற்றாள். கிழங்கை வெட்டினாள், குத்தினாள், வாய் திறக்காமல் மென்றாள், கத்தியையும் முள்ளையும் தோளோடு தோள் கிடத்திவிட்டுக் கணவனைப் பார்த்து, "ஐயா, எங்கள் ஆலையிலே உணவறை இல்லை," என்று ஒத்திகை பார்த்தாள். ஆனால் வேகத்தை மட்டும் குறைக்க முடியவில்லை. கிழங்குகள் கண்ணெதிரே மறைந்துகொண்டே இருந்தன.

"கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து பாக்கறேன்," என்றாள் மாமியார், "தீப்பிடிச்ச வீட்டுக்குள்ள உக்காந்து சாப்பிடற மாதிரிதான் சாப்பிடற. மெதுவாம்மா. உன் தட்டை யாரும் பிடுங்கிட்டுப் போயிட மாட்டாங்க."

பாவம், மாமியாருக்கு எதிர்காலம் தெரியாது.

விருந்து ஆலையின் மாடியறையில் நடந்தது. வெளுத்த விரிப்பு, மடித்த கைத்துணி, வரிசையாகப் பளபளக்கும் கரண்டிகள். எதிரில் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய அம்மையார். வாங்குவோரில் அவரே தலைமை என்றார்கள். அவருக்கு இருபுறமும் வேறு இரு நாட்டு ஆடவர்கள். ஊசியக்காவின் பக்கத்தில் மொழிபெயர்க்க வந்த இளம்பெண். மேசையின் தலைமாட்டில் மேலாளர், முகம் முழுதும் சிரிப்பும் கண் முழுதும் எச்சரிக்கையுமாக.

சூப்பு தடையின்றி இறங்கியது. அடுத்து முழு மீன் வந்தது. மேல்பக்கத்தை இரண்டே வாயில் தின்று முடித்தாள். எதிரில் இருந்தவர்களில் ஒருவர் தம் மீனின் நடுமுள்ளை மெல்லத் தூக்கி எடுப்பதைக் கண்டாள். புரட்டவில்லை! கொழுந்தன் வாழ்க என்று மனத்துக்குள் முழங்கியபடி அவளும் முள்ளைத் தூக்கினாள். அவர் கண்கள் மலர்ந்தன.

"உங்க வீட்ல மீன் பிடிக்கறவங்க இருக்காங்களான்னு கேக்கறாரு," என்றாள் மொழிபெயர்ப்பவள்.

பேச வேண்டும். கத்தியையும் முள்ளையும் தோளோடு தோள் சேர்த்துக் கிடத்தினாள். "இல்லீங்க, தின்கிறவங்கதான் இருக்காங்க," என்றாள். மேசையில் சிரிப்பு எழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கையில் அடிப்பக்கம் முழுதும் மிச்சமிருந்த மீன், பரிமாறுபவரின் கையில் ஏறி வாசலைக் கடந்துகொண்டிருந்தது.

சரி, அவசரக்காரர் போலும் என்று எண்ணிக்கொண்டாள். சுட்ட கோழி வந்தது. ஒரு துண்டு வெட்டி வாயில் வைத்தாள். எத்தனை ஆண்டாக இந்த ஆலையில் இருக்கிறீர்கள் என்று அம்மையார் கேட்டார். கத்தி, முள், தோளோடு தோள். "கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே இருக்கேங்க." கோழி பறந்தது. வெந்த காய்கறிகளும் வெண்ணெய் தடவிய ரொட்டியும் வந்தன. ஒரு காய் உள்ளே போனது. பிள்ளைகள் உண்டா என்று மூன்றாமவர் கேட்டார். தோளோடு தோள். அதுவும் போயிற்று.

பரிமாறுபவர்மேல் குற்றம் இல்லை. குனிந்த தலை நிமிராமல், கற்ற முறை பிறழாமல், அவர் கடமையைச் செய்தார். அவளும் கற்ற முறை பிறழாமல்தான் பட்டினி கிடந்தாள். மற்றவர் தட்டெல்லாம் நிறைந்திருக்க, தன்முன் வெறும் விரிப்பைப் பார்த்தபடி இருந்தாள். உணவறையைப் பற்றி இன்னும் ஒரு சொல்லும் பேசவில்லை. தொடங்கலாம் என்று மூச்சை இழுத்தபோது அவள் வயிறு முந்திக்கொண்டது. மேசை முழுவதும் கேட்கும்படி ஒரு நீண்ட உறுமல்.

மேலாளரின் சிரிப்பு உறைந்தது. வெட்டும் பிரிவுக்காரி சொன்னது ஊசியக்காவின் காதில் இடித்தது. மனு ஊத்தி மூடிடும்.

அம்மையார் முன்னால் சாய்ந்து ஏதோ கேட்டார்.

"எதையுமே நீங்க சாப்பிடலையே, சாப்பாடு பிடிக்கலையான்னு மேடம் கேக்கறாங்க," என்றாள் மொழிபெயர்ப்பவள். பிறகு தானாகவே தணிந்த குரலில், "பசியில்லைன்னு சொல்லிடட்டுமா அக்கா?" என்றாள்.

பசித்தவளைப் பசியில்லை என்று சொல்லவைப்பது நாகரிகமா? இல்லை. அது நாகரிகத்தின் சட்டையை மாட்டிக்கொண்ட பொய். ஊசியக்கா அந்தச் சட்டையைத் தைக்க மறுத்தாள்.

"சாப்பாடு பிரமாதம். எல்லாத்துலயும் ஒண்ணு ரெண்டு வாய் தின்னேன், அதனால நல்லாவே தெரியும்," என்றாள். "ஒவ்வொரு தடவையும் பேசறதுக்காகக் கத்தியைக் கீழே வச்சா, தட்டு காணாமப் போயிடுது. ஏன்னுதான் தெரியல."

மொழிபெயர்ப்பைக் கேட்ட அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார். ஏளனச் சிரிப்பல்ல அது, வீட்டுப் பெண்கள் சமையற்கட்டில் சிரிக்கும் சிரிப்பு. தம் தட்டை அவள் பக்கம் திருப்பிக் கத்தியையும் முள்ளையும் சேர்த்துக் கிடத்திக் காட்டினார். சாப்பிட்டாயிற்று, எடுத்துப் போகலாம். பிறகு இரண்டையும் பிரித்து, கூரைபோல் விலக்கி வைத்துக் காட்டினார். இரு, இன்னும் சாப்பிடுகிறேன்.

"அட தட்டு! என்னைக் கவுத்திட்டியே!" என்று ஊசியக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "எனக்குச் சொல்லித்தந்தது என் கொழுந்தன். அவரு விடுதியில தட்டு கழுவறாரு. தின்னு முடிச்ச தட்டுதானே கழுவ வரும்? பாதியில நிறுத்தி வச்ச தட்டை அவரு எங்க பாத்தாரு? முடிக்கறது எப்படின்னு தெரிஞ்சவருக்கு நிறுத்தறது எப்படின்னு தெரியல."

சொல்லிவிட்டுச் சிரித்தவள் சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள். தன் வாயில் வந்த சொல்லைத் தானே கேட்டவள்போல இருந்தாள்.

"அவரைச் சொல்லிக் குத்தமில்ல. எனக்குந்தான் தெரியல. நடுவுல கையை எடுத்து, ஒரு வார்த்தை பேசி, மறுபடியும் சாப்பிடற சாப்பாட்டை நானும் பாத்ததில்ல. கீழே எங்க ஆலையில மணி அடிச்சா மெஷினுக்கு நடுவுல குந்துவோம். மடியில டப்பா. அடுத்த மணிக்குள்ள முழுங்கிட்டு எழுந்துடணும். பேசினா சோறு போச்சு, தின்னா பேச்சு போச்சு. உட்கார்ந்து சாப்பிட ஒரு ரூம் வேணும், மேசை வேணும், அதுக்கேத்த நேரமும் வேணும். நான் இங்க வந்தது அதைக் கேக்கத்தான்."

"இதை மொழிபெயர்க்க வேண்டாம்மா," என்றார் மேலாளர் மொழிபெயர்ப்பவளிடம், சிரித்த முகம் மாறாமல். "கோழியைப் பத்தி ஏதாவது சொல்லிடு."

அந்தப் பெண் மேலாளரைப் பார்த்தாள். அவளுக்குக் கூலி தருபவர் அவர். ஊசியக்காவைப் பார்த்தாள். கைத்துணியை ஒருமுறை நீவினாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து மொழிபெயர்த்தாள். ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள். முடித்துவிட்டு, இதை மொழிபெயர்க்க வேண்டாம், கோழியைப் பற்றிச் சொல் என்று மேலாளர் சொன்னதையும் சேர்த்தே மொழிபெயர்த்தாள்.

அம்மையார் கைத்துணியை மடித்து வைத்துவிட்டு எழுந்தார்.

"கீழே போய்ப் பாக்கலாமான்னு கேக்கறாங்க."

கீழே இரண்டாம் அணிக்குச் சாப்பாட்டு நேரம். எந்திரங்கள் ஓய்ந்திருந்தன. சந்துக்குச் சந்து பெண்கள் முழங்காலை ஒடுக்கிக் குந்தியிருந்தார்கள். தைத்து முடித்த துணிகளின்மேல் தங்கள் மேல்துணியை விரித்து மூடியிருந்தார்கள், ஒரு துளியும் தெறித்துவிடக்கூடாதென்று. டப்பாக்களில் இருந்ததெல்லாம் வறண்ட உணவு. சாறுள்ள எதையும் யாரும் கொண்டுவருவதில்லை. மூடியை முகவாய்க்குக் கீழே பிடித்து, முழங்கையை விலாவோடு ஒட்டி, குனிந்து உண்டார்கள். அந்த ஒழுங்கை எந்த அரண்மனையிலும் கண்டிருக்க முடியாது. அத்தனை ஒழுங்கும் சட்டைக்காக. சட்டையைத் தைக்கும் உயிருக்காக அன்று.

அவர்களோடு உட்கார்ந்து பேச எண்ணிய அம்மையார், பக்கத்தில் அடுக்கியிருந்த வெள்ளைத் துணிக்கட்டின்மேல் மெல்ல உட்கார்ந்தார்.

"ஐயையோ! எழுந்திரும்மா! எழுந்திரு! அது பார்சல் போற துணி!" என்று பொத்தான்காரி வாயில் சோற்றோடு அலறினாள்.

மொழிபெயர்ப்பவள் அதையும் விடவில்லை. அம்மையார் தீயை மிதித்தவர்போல் துள்ளி எழுந்து, பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டார். அது அவருடைய நிறுவனத்துக்குப் போகவேண்டிய கட்டுதான். அவர் கைகூப்புவதா கைகுலுக்குவதா என்று தடுமாறி, ஏதோ சொன்னார்.

"மன்னிச்சுக்கோங்க, இங்கத்த முறை எனக்குத் தெரியாதுன்னு சொல்றாங்க. அப்ப எங்கதான் உட்காரணும்னு கேக்கறாங்க."

"அதைத்தானே நாங்களும் கேக்கறோம்!" என்றாள் பொத்தான்காரி.

ஆலையே சிரித்தது. மேலாளரும் சிரிக்க முயன்று தோற்றார். அம்மையார் அவரைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். எப்போது? வழக்கமான விடை மேலாளரின் நாக்கு நுனிவரை வந்திருக்கும். ஆனால் அத்தனை கண்களுக்கு நடுவே அது வெளியே வரவில்லை. பின்கட்டில் பழுதான எந்திரங்களைப் போட்டுவைத்த அறையைக் காலி செய்வதாகச் சொன்னார். அடுத்த முறை வரும்போது அந்த அறையில்தான் தமக்கு விருந்து என்று சொல்லிவிட்டு அம்மையார் விடைபெற்றார்.

மாலையில் வீடு திரும்பிய ஊசியக்கா நடந்ததைச் சொல்லச் சொல்ல, கொழுந்தனின் முகம் கழுவாத தட்டுபோல் ஆனது.

"மீனு, கோழி, எல்லாமே போச்சா அண்ணி? முழுசாவா?"

"முழுசா."

"கோழி எப்படி இருந்துச்சு? காலா, நெஞ்சா?"

"அடப்பாவி, வயித்தெரிச்சலைக் கிளப்பாதேடா!" என்று மாமியார் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். கணவன் அடுப்பை மூட்டி அவளுக்கு முட்டை பொரித்தான். கொழுந்தன் தட்டைக் கொண்டுவந்து வைத்து, அவள் முடிக்கும்வரை பக்கத்திலேயே காவல் நின்றான். பிறகு, "நாளையிலேர்ந்து நான் பரிமாறற வாசல்ல நின்னு பாக்கப் போறேன் அண்ணி. அரைகுறையா ஒண்ணையும் சொல்லித்தர மாட்டேன்," என்று சூளுரைத்தான். அவள் அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள். எச்சிற்கையால்தான். அவன் விலகவில்லை.

பின்கட்டு அறை திறந்தது. சுண்ணாம்பு வாசம் இன்னும் போகவில்லை. வெட்டும் பிரிவிலிருந்து கழித்த இரண்டு நீள மேசைகள், புதிய பெஞ்சுகள், சாப்பாட்டுக்கென்று கூட்டித் தந்த நேரம். முதல் நாள் மணி அடித்ததும் பெண்கள் உள்ளே நுழைந்து, கல்யாணப் பெண்களைப்போல் கூச்சத்தோடு உட்கார்ந்தார்கள். ஒருத்தி முதன்முதலாகச் சாறு ததும்பும் கிண்ணம் கொண்டுவந்திருந்தாள். டப்பாக்கள் திறந்தன. கைகள் பறந்தன. மூச்சு விடுவதற்குள் எல்லா டப்பாவும் காலி.

அடுத்த மணிக்கு இன்னும் வெகுநேரம் இருந்தது. யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. மேசையைப் பார்த்தார்கள். சுவரைப் பார்த்தார்கள். ஊசியக்காகூட விரல்களைப் பிசைந்தாள். மேடையில் முழங்கத் தெரிந்தவளுக்கு அந்த ஓய்வில் எப்படிப் பேசத்தொடங்குவது என்று தெரியவில்லை.

அப்போது பொத்தான்காரி, ஆண்டுக்கணக்காகத் தன் பக்கத்து எந்திரத்தில் உட்கார்ந்திருக்கும் கைப்பட்டி தைப்பவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன்டி, இத்தனை வருஷமா மெஷின் சத்தத்துல கேக்கவே முடியல," என்றாள். "உனக்குக் கூடப்பிறந்தவங்க எத்தனை பேரு?"

"நாலு அக்கா. நான்தான் கடைக்குட்டி," என்றாள் அவள். "உனக்கு?"